ஒரே கோடு, மூன்று கோணம்: பைத்தானில் சாய்விலிருந்து கோணம் காண்பது

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் தண்டவாளம். புறப்படும் இடம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம், போய்ச்சேரும் இடம் 2203 மீட்டர். இந்த இரண்டு புள்ளிகளையும் மேட்பிளாட்லிப்பில் (பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் நூலகம்) குறித்து ஒரு கோடு போடுவோம். கோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது? ஒருவர் 88.6 என்பார். இன்னொருவர் 2.34 என்பார். திரைமேல் கோணமானியை வைத்துப் பார்க்கிறவர் 36.7 என்பார். மூன்று பேரின் கணக்கும் சரிதான், ஒவ்வொருவரும் வேறு கோணத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள், அவ்வளவே. பைத்தானில் கோணம் காண ஒரே ஒரு வரி போதும். எந்தக் கோணம் வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு சொல். பைத்தான் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சாய்வு, கோணம் போன்ற மாறிப் பெயர்களைத் தமிழிலேயே விட்டுவிடலாம், பைத்தான் 3 மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

பத்தாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் சாய்வு வருகிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒய் மதிப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து, அதை எக்ஸ் மதிப்பு கூடிய அளவால் வகுத்தால் சாய்வு. அதே பாடத்தில் இன்னொரு வரியும் உண்டு: கோடு எக்ஸ் அச்சோடு உண்டாக்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் சாய்வு. அப்படியானால் சாய்விலிருந்து கோணத்துக்குத் திரும்பிப் போக டேனின் நேர்மாறு வேண்டும். பைத்தானின் மேத் தொகுதியில் அதற்கு ஏடான் என்று பெயர் (ஏ, டி, ஏ, என் என்று நான்கு எழுத்து).

இம்போர்ட் மேத்
சாய்வு = (2203 - 326) / (46 - 0)
கோணம் = மேத்.டிகிரீஸ்(மேத்.ஏடான்(சாய்வு))
பிரிண்ட்(கோணம்)

ஏடான் விடையை ரேடியனில்தான் தரும். சாய்வு 1 என்றால் 45 கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் 0.785 வந்து நிற்கும். ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 டிகிரி. டிகிரீஸ் என்ற சார்பு அந்தப் பெருக்கலைச் செய்துவிடுகிறது. புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த ஒரு இடத்தில் தீர்ந்துவிடும்.

மேலே உள்ள நான்கு வரியை ஓட்டினால் 88.6 வரும். 88.6 டிகிரி என்றால் கிட்டத்தட்ட சுவர். எந்த ரயிலும் அதில் ஏறாது. என்ன நடந்தது? மேலே மீட்டர், கீழே கிலோமீட்டர். சாய்வு 40.8 என்றால் கிலோமீட்டருக்கு 40.8 மீட்டர் ஏற்றம் என்று பொருள். ஏடானுக்கு அலகு தெரியாது, 40.8 என்ற வெறும் எண்ணை வாங்கிக்கொண்டு அதற்கு உரிய கோணத்தைச் சொல்லிவிட்டது. தூரத்தையும் மீட்டராக்கினால் 1877-ஐ 46000-ஆல் வகுக்க வேண்டும். சாய்வு 0.0408, கோணம் 2.34 டிகிரி. மலையில் இருக்கும் உண்மையான சராசரிச் சாய்வு இதுதான்.

(கறாராகப் பார்த்தால் 46 கிலோமீட்டர் என்பது தண்டவாளத்தின் வழியே அளந்த நீளம், கிடைமட்டத் தூரம் அல்ல. அதனால் டேனுக்குப் பதில் சைனின் நேர்மாறைப் போட வேண்டும். போட்டால் 2.337 என்பது 2.339 ஆகும். இவ்வளவு சிறிய கோணத்தில் இந்த வித்தியாசத்துக்காக யாரும் சண்டை போட வேண்டாம்.)

இந்தப் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியின் சாய்வு 8.33 சதவீதம் என்பார்கள். அதாவது 100 மீட்டர் போனால் 8.33 மீட்டர் ஏற்றம். சாய்வு 0.0833, கோணம் 4.76 டிகிரி. பல் சக்கரமும் பல் தண்டவாளமும் இல்லாமல் இந்த ரயிலால் ஏற முடியாத ஏற்றம் ஐந்து டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. சதவீதத்தைக் கோணமாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 100 சதவீதச் சாய்வு என்றால் 90 டிகிரி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. 100 சதவீதம் என்றால் சாய்வு 1, கோணம் 45. சாய்வு 10 ஆனால் 84.3 டிகிரி, 100 ஆனால் 89.4, 1000 ஆனால் 89.9. சாய்வுக்கு மேல் எல்லை கிடையாது, கோணமோ 90-ஐ நெருங்க நெருங்க நகர மறுக்கும். ஆகவே செங்குத்தான இரண்டு கோடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் கோணத்தைவிடச் சாய்வே தெளிவாகப் பேசும்.

நடுவில் இருக்கும் நிலையங்களையும் சேர்த்தால் படம் இன்னும் சுவாரசியமாகிறது. ஏறத்தாழச் சொல்வதென்றால் கல்லாறு 8-ஆவது கிலோமீட்டரில் 400 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 28-ஆவது கிலோமீட்டரில் 1710 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இப்போது நான்கு புள்ளிகள், மூன்று துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கழித்து வகுக்கத் தேவையில்லை, எண் வரிசைகளை மொத்தமாகக் கணக்கிடும் நம்பை நூலகம் இருக்கிறது.

இம்போர்ட் நம்பை ஆஸ் என்பி
தூரம் = என்பி.அரே([0, 8, 28, 46]) * 1000
உயரம் = என்பி.அரே([326, 400, 1710, 2203])
கோணங்கள் = என்பி.டிகிரீஸ்(என்பி.ஆர்க்டான்(என்பி.டிஃப்(உயரம்) / என்பி.டிஃப்(தூரம்)))

டிஃப் என்பது அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை வரிசையாகத் தரும். விடை: 0.53, 3.75, 1.57 டிகிரி. கல்லாறு வரை கிட்டத்தட்டச் சமதளம், அங்கிருந்து குன்னூர் வரை கடும் ஏற்றம், அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். பல் தண்டவாளம் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும் இருப்பதன் காரணத்தை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. 2.34 என்ற ஒற்றைச் சராசரி அதை மறைத்துவிட்டது.

புள்ளிகள் ஏராளமாக இருந்து, அவற்றுக்கு இடையே பொருந்தும் ஒரே கோட்டின் கோணம் வேண்டுமென்றால் பாலிஃபிட் இருக்கிறது. என்பி.பாலிஃபிட்(தூரம், உயரம், 1) என்று கொடுத்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது சாய்வு, இரண்டாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். நம் நான்கு புள்ளிகளுக்குச் சாய்வு 0.0447, கோணம் 2.56 டிகிரி. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும் இணைத்தபோது 2.34 வந்தது, இங்கே நடுப்புள்ளிகளும் கோட்டைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. நம்பையின் புதிய பாலினாமியல் வகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அங்கே வரிசை தலைகீழ், வெட்டும் இடம் முதலில் வரும். தவிர, கன்வெர்ட் என்ற படியைச் செய்யாவிட்டால் எண்கள் வேறு அளவுகோலில் இருக்கும்.

சரி, கோடு நேர்ச்செங்குத்தாக இருந்தால்? எக்ஸ் வித்தியாசம் சுழியம். சாதாரணப் பைத்தான் எண்களில் வகுத்தால் சுழியத்தால் வகுத்தல் பிழை என்று நிரல் நின்றுவிடும். நம்பை ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு முடிவிலி என்று எழுதிக்கொள்ளும், அந்த முடிவிலியின் ஆர்க்டான் ஒழுங்காக 90 டிகிரியைத் தரும். ஆனால் அதை நம்பி எழுத வேண்டாம், ஏனென்றால் வேறொரு சிக்கலும் இருக்கிறது. தொடக்கப் புள்ளியிலிருந்து (3, 3) நோக்கிப் போகும் அம்புக்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வு 1. எதிர்த்திசையில் (-3, -3) நோக்கிப் போகும் அம்புக்குறிக்கும் சாய்வு 1. மேலேயும் கீழேயும் இருந்த கழித்தல் குறிகள் வகுத்தலில் அடிபட்டுப் போயின. ஏடானுக்கு இரண்டும் 45 டிகிரிதான்.

வகுக்காமல் இரண்டு வித்தியாசங்களையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் சார்பு ஏடான்2. நம்பையில் ஆர்க்டான்2. ஃபோர்ட்ரான் காலத்திலிருந்தே இது நிரல்மொழிகளில் இருக்கிறது. அது இரண்டு எண்களின் குறிகளையும் பார்த்து எந்தக் கால்பகுதி என்று கண்டுபிடிக்கும். மேத்.ஏடான்2(3, 3) என்றால் 45, மேத்.ஏடான்2(-3, -3) என்றால் -135 (ரேடியனிலிருந்து மாற்றியபின்). எக்ஸ் வித்தியாசம் சுழியமானாலும் பிழை வராது. இதில் ஒய் முதலில், எக்ஸ் அடுத்து. எக்செல்லில் இதே பெயருள்ள சூத்திரம் எக்ஸை முதலில் கேட்கும். எக்செல்லிலிருந்து பைத்தானுக்கு வருகிறவர்களுக்கு விடைகள் எல்லாம் 90-லிருந்து கழித்ததுபோல் வந்தால், காரணத்தை இங்கே தேடுங்கள்.

என் பரிந்துரை எளிது: சாய்வு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ஏடான், புள்ளிகள் இருக்கின்றன என்றால் எப்போதும் ஏடான்2.

ஆனால் ஏடான்2 தருவது திசையின் கோணம், -180 முதல் 180 வரை. பாடப்புத்தகத்துக் கோட்டுக்குத் திசை கிடையாது, அதன் சாய்வுக் கோணம் 0 முதல் 180-க்குள் இருக்கும். மாற்றுவது சுலபம், கோணம் % 180 என்று போட்டால் போதும். -30 என்பது 150 ஆகும், -135 என்பது 45 ஆகும். பைத்தானின் மீதி காணும் குறி, எதிர் எண்ணுக்கும் நேர்மீதியே தருவதால் இது நடக்கிறது. இதே வரியை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினால் -30 அப்படியே -30 ஆகத் திரும்பி வரும்.

இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்துக்குப் பள்ளியில் ஒரு சூத்திரம் உண்டு: சாய்வுகளின் வித்தியாசத்தை, சாய்வுகளின் பெருக்கலோடு 1 கூட்டியதால் வகுப்பது. தேர்வுத்தாளில் அழகாக இருக்கும். நிரலில் எனக்குப் பிடிக்காது, கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்போது கீழே சுழியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கோணங்களையும் தனியாகக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டு, 90-ஐத் தாண்டினால் 180-லிருந்து கழியுங்கள். சாய்வு 2 என்றால் 63.43, சாய்வு -0.5 என்றால் -26.57. கழித்தால் 90. எந்த வகுத்தலும் இல்லை.

இப்போது அந்த மூன்றாமவரின் 36.7-க்கு வருவோம்.

மேட்பிளாட்லிப் தன் வழக்கமான அமைப்பில் 640-க்கு 480 பிக்சல் படம் வரைகிறது. ஓரங்களை விட்டபின் அச்சுகளுக்குள் இருக்கும் பரப்பு 496-க்கு 369.6 பிக்சல். நாம் கொடுத்த தரவு எதுவானாலும் அந்தப் பரப்பை நிரப்பும்படி இரண்டு அச்சுகளையும் இழுத்தோ சுருக்கியோ பொருத்திவிடும், சுற்றிலும் 5 சதவீத இடைவெளி மட்டும் விடும். எனவே இரண்டே புள்ளிகளை இணைக்கும் எந்த ஏறுகோடும் ஏறக்குறைய மூலைக்கு மூலை போகும். 369.6-ஐ 496-ஆல் வகுத்து ஏடான் போட்டால் 36.7 டிகிரி. நீலகிரி ரயிலுக்கும் இதே 36.7, உங்கள் வீட்டு மின்கட்டணத்தின் இரண்டு மாத உயர்வுக்கும் இதே 36.7. திரையில் தெரியும் கோணம் படத்தின் அளவைப் பற்றிச் சொல்கிறது, தரவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நான்கு நிலையங்களையும் சேர்த்து வரைந்தால் கல்லாறு–குன்னூர் துண்டு திரையில் 50 டிகிரியில் நிமிர்ந்து நிற்கும். உண்மையில் 3.75 என்று பார்த்தோம்.

பயனற்ற கோணமா என்றால், இல்லை. கோட்டின்மேல் அதே சரிவில் ஓர் எழுத்தை எழுத வேண்டுமென்றால் இந்தத் திரைக்கோணம்தான் வேண்டும். 'பல் தண்டவாளப் பகுதி' என்று எழுதி, சுழற்சிக்கு 3.75 என்று கொடுத்தால் எழுத்து கிடையாகப் படுத்திருக்கும், கோடு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். தரவுப் புள்ளிகளைப் பிக்சலாக மாற்றிக்கொண்டு, அந்தப் பிக்சல்களில் ஏடான்2 போட வேண்டும். கீழே ஃபிக் என்பது மொத்தப் படம், ஆக்ஸ் என்பது அதன் அச்சுகள்; கிடை அச்சில் தூரம் கிலோமீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம்.

ஃபிக்.கேன்வாஸ்.ட்ரா()
(எக்ஸ்1, ஒய்1), (எக்ஸ்2, ஒய்2) = ஆக்ஸ்.ட்ரான்ஸ்டேட்டா.ட்ரான்ஸ்ஃபார்ம்([(8, 400), (28, 1710)])
திரைக்கோணம் = என்பி.டிகிரீஸ்(என்பி.ஆர்க்டான்2(ஒய்2 - ஒய்1, எக்ஸ்2 - எக்ஸ்1))

முதல் வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். மேட்பிளாட்லிப் அச்சின் எல்லைகளை உடனே கணக்கிடாது, படம் வரையும் நேரம் வரும்வரை தள்ளிப்போடும். அதற்குமுன் பிக்சல் கேட்டால் பழைய எல்லைகளை வைத்துத் தப்பான விடை தரும், பிழைச் செய்தியும் வராது. அச்சின் எல்லைகளை நீங்களே முதலில் குறித்துவிட்டாலும் சரி, ஒருமுறை வரையச் சொல்லிவிட்டாலும் சரி. அதன்பின் படத்தைப் பெரிதாக்கினாலோ எல்லைகளை மாற்றினாலோ இந்தக் கோணம் செல்லாது, மறுபடி கணக்கிட வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் எழுத்து எழுதும் கட்டளையிலேயே ட்ரான்ஸ்ஃபார்ம் ரொட்டேட்ஸ் டெக்ஸ்ட் என்று ஒரு தெரிவு இருக்கிறது (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்). அதற்கு ட்ரூ என்று கொடுத்து, ரொட்டேஷன் மோட் என்பதற்கு ஆங்கர் என்று கொடுத்துவிட்டால், தரவின் கோணத்தைத் திரையின் கோணமாக அதுவே மாற்றிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை. படத்தின் அச்சில் கிலோமீட்டரும் மீட்டரும் இருந்தால், இந்தக் கட்டளைக்குக் கொடுக்க வேண்டியது 3.75 அல்ல. 1310 மீட்டரை 20 கிலோமீட்டரால் வகுத்தால் வரும், அலகு கலந்த 65.5 என்ற சாய்வின் கோணம், அதாவது 89.1 டிகிரி. சுவர்போல் இருக்கிறது என்று முதலில் நாம் தள்ளிவிட்ட வகையைச் சேர்ந்த எண்ணுக்கு இங்கே வேலை வந்துவிட்டது.

திரைக்கோணமும் உண்மைக் கோணமும் ஒன்றாகவே இருக்க வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. இரண்டு அச்சிலும் ஒரே அலகைப் போட்டு, ஆக்ஸ்.செட்_ஆஸ்பெக்ட்('ஈக்வல்') என்று சொல்லிவிட்டால் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் ஒரே அளவு பிக்சல் பெறும். வடிவியல் படம், வீட்டு வரைபடம், ரோபோவின் பாதை போன்றவற்றுக்கு இது கட்டாயம். நம் ரயிலுக்குப் போட்டால் 496 பிக்சல் அகலத்துக்கு 20 பிக்சல் உயரத்தில் ஒரு மெல்லிய பட்டை கிடைக்கும், ஒன்றும் புரியாது. ரயில்பாதை, நெடுஞ்சாலை, ஆற்றுப்படுகை ஆகியவற்றின் நெடுக்குவெட்டு வரைபடங்களில் உயரத்தை மட்டும் வேண்டுமென்றே பல மடங்கு பெரிதாக்கிப் போடுவதன் காரணம் இதுதான். எத்தனை மடங்கு என்று நல்ல வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். கோடுகள் 45 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் அவற்றின் சரிவு வித்தியாசங்களைக் கண் நன்றாகப் பிரித்தறிகிறது என்று 1988-இல் வில்லியம் கிளீவ்லண்டும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். படத்தின் நீள அகலத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் புள்ளியியலில் அப்படி நிலைத்தது.

அலகை மாற்றிச் சமமாக்கவே முடியாத படங்களில் மட்டும் கோணம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பங்கு விலை ரூபாயில், காலம் நாளில். ரூபாயை எத்தனை பெருக்கினாலும் நாள் ஆகாது. 'விலை 45 டிகிரியில் ஏறுகிறது' என்று சொல்லும் காணொளிகளில், சன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அது 30 ஆகும், இன்னும் இழுத்தால் 60 ஆகும். டபிள்யூ. டி. கான் என்ற அமெரிக்க வணிகரின் பெயரால் வழங்கும் கோடுகளில்கூட '45 டிகிரி' என்பது ஒரு கால அலகுக்கு ஒரு விலை அலகு என்று அளவுகோலை முன்கூட்டியே முடிவு செய்த பிறகுதான் பொருள் பெறும். இத்தகைய இடத்தில் நாளுக்கு இத்தனை ரூபாய் என்று சாய்வைச் சொல்லிவிடுவது நேர்மையானது.

கடைசியாக, புகைப்படத்தில் கோடுகளைத் தேடுகிறவர்களுக்கு. ஓப்பன்சிவி போன்ற, படங்களை ஆராயும் நூலகங்களில் படத்தின் மேல் இடது மூலைதான் தொடக்கம், ஒய் மதிப்பு கீழ்நோக்கி வளரும். மேட்பிளாட்லிப்பின் இம்ஷோ கட்டளையும் படத்தைக் காட்டும்போது இதே முறையைப் பின்பற்றும். கண்ணுக்கு மேலேறும் கோட்டுக்கு நிரல் எதிர்க்கோணம் தரும். ஏடான்2-க்குள் ஒய் வித்தியாசத்தை ஒய்1 - ஒய்2 என்று தலைகீழாகக் கழித்துக் கொடுங்கள். விடையை வெளியே எடுத்து அப்புறம் குறி மாற்றிக்கொள்ளலாமே என்றால், கோணம் சரியாக 180 வரும்போது அது -180 ஆகிவிடும். உள்ளேயே மாற்றுவது பாதுகாப்பு.